புகைக்குழாயின் சூடும் காரின் பின்னால் ஏற்றிய சைக்கிளும்

காரின் பின்புறத் தாங்கியில் ஏற்றிச் சென்ற என் சைக்கிளை ஒருமுறை இறக்கியபோது, பின்சக்கரத்து டயரில் ஓரிடம் மட்டும் விரலில் ஒட்டிற்று. உள்ளங்கை அகலமுள்ள அந்த இடத்தில் டயரின் வரிப்பள்ளங்கள் மழுங்கி, கறுப்புக் கண்ணாடியைப் போன்ற மினுமினுப்பு ஏறியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் பதிந்த தடம் சற்று நேரம் அப்படியே நின்றது. வண்டியை நிறுத்திய இடத்தில் எங்கோ தார் ஒட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சைக்கிளைத் திரும்பவும் தாங்கியில் வைத்து, காரின் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தபோது விஷயம் விளங்கியது. அந்த இடத்துக்கு நேரே, ஒரு சாண் தொலைவில், புகைக்குழாயின் வாய் இருந்தது. அன்று ஏற்றப்பாதையில் நெடுநேரம் ஏறி வந்த கார், டயரின் அந்த ஒரே இடத்தின்மேல் சுடுகாற்றை ஊதிக்கொண்டே வந்திருக்கிறது.

சைக்கிளைக் காரில் ஏற்றிச் செல்லப் புதிதாகத் தாங்கி வாங்குபவர்கள், எத்தனை கிலோ தாங்கும், பம்பரில் கீறல் விழுமா, திருடு போகாமல் பூட்ட முடியுமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். புகைக்குழாய் எங்கே இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு பார்வையைப் பற்றியது: குழாயிலிருந்து வெளிவரும் சூடு எப்படிப்பட்டது, அது காற்றில் எப்படிப் பரவுகிறது, சைக்கிளின் எந்தப் பாகத்தை எப்படிக் கெடுக்கிறது, அதிலிருந்து சைக்கிளை விலக்கி வைப்பது எப்படி என்பதை முதல்முறையாகத் தாங்கி பொருத்துகிறவருக்கு விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

சக்கரமும் குழாயும் ஏன் நேருக்கு நேர் வருகின்றன

இது தற்செயலாக நேர்வதைப் போலத் தோன்றினாலும், இரு வண்டிகளின் அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளில் முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையே ஏறத்தாழ 1 மீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை இடைவெளி இருக்கும். அந்தச் சைக்கிளைக் காரின் பின்னால் குறுக்காக, நடுமையம் பொருந்த வைத்தால், சக்கரங்களின் அடிப்பகுதிகள் காரின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 50 முதல் 60 சென்டிமீட்டர் தள்ளி வந்து நிற்கும். பெரும்பாலான கார்களில் புகைக்குழாயும் ஏறக்குறைய அந்தத் தொலைவில்தான், இடது பக்கமாகவோ வலது பக்கமாகவோ, சிலவற்றில் இரு பக்கமுமாகவோ, பம்பரின் அடியில் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. ஆகவே சைக்கிளை அழகாக நடுவில் வைத்துக் கட்டுகிறவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்று சொல்லலாம்.

தாங்கியின் வகையைப் பொறுத்தும் இது மாறும். காரின் கூரைமேல் வைக்கும் தாங்கிக்கு இந்தக் கவலை அறவே இல்லை. பின்புற இழுவைக் கொக்கியில் செருகும் தாங்கிகளில் சக்கரங்களை வைப்பதற்கான தட்டங்கள் பம்பரின் உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ நீண்டிருப்பதால், சக்கரத்தின் மிகத் தாழ்ந்த பகுதி குழாயின் மட்டத்துக்கு அருகில் வருகிறது. டிக்கிக் கதவில் வார்களால் கட்டும் தாங்கியிலோ சைக்கிள் அதன் மேல்தண்டிலிருந்து தொங்குகிறது. சட்டத்தின் வடிவத்தையும் சக்கரத்தின் அளவையும் பொறுத்து டயர் எங்கே இறங்கி நிற்கும் என்பது சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும். ஒரு சைக்கிளுக்குப் பாதுகாப்பாக அமைந்த அதே தாங்கியில் வேறொரு சைக்கிளின் டயர் நேராகக் குழாயின் முன் தொங்கக்கூடும். நான்கைந்து பேர் உட்கார்ந்து பெட்டிகளும் ஏற்றிய பிறகு காரின் பின்பகுதியும் தாங்கியும் சேர்ந்தே தாழ்வதால் இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு அதிகம் மாறுவதில்லை. ஆனால், கட்டிய வார்கள் தளர்ந்தாலோ தாங்கி தொய்ந்தாலோ சைக்கிள் மட்டும் கீழே இறங்கிவிடும். முழுக்க மின்சாரத்தில் ஓடும் காரை வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

சூடு எவ்வளவு

பெட்ரோல் என்ஜின் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. கடுமையான ஏற்றத்தில் மணிக்கு 10 லிட்டர் என்ற கணக்கில் எரித்துக்கொண்டு ஏறும் கார், மணிக்கு 320 மெகாஜூல் ஆற்றலைச் செலவிடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 30 கிலோவாட். இரண்டு கிலோவாட் தண்ணீர்க் கெட்டில்கள் பதினைந்தை ஒரே நேரத்தில் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. இதில் கணிசமான பகுதி காரின் அடியில் நீளும் குழாயின் சுவர்கள் வழியாகவும் ஒலியடக்கும் பெட்டி வழியாகவும் காற்றில் கரைந்துவிடுகிறது. என்ஜினை விட்டுப் புறப்படும்போது பளு மிகுந்த வேளைகளில் 600 டிகிரி செல்சியசைத் தாண்டும் புகை, குழாயின் வாய்க்கு வரும்போது வெகுவாகத் தணிந்துவிடுவது அதனால்தான். அப்படித் தணிந்த பிறகும், என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது கையைக் காட்டிப் பார்க்கக்கூடிய வெதுவெதுப்பில் இருக்கும் புகை, நெடுநேரம் ஏற்றம் ஏறும்போது 200 டிகிரியைத் தாண்டவும் கூடும்.

வீட்டு வாசலில் காரைத் துவக்கி, குழாயின் அருகே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானே" என்று கிளம்புவது வழக்கமான தவறு. அந்த நேரத்தில் என்ஜினும் குழாயும் இன்னும் குளிர்ந்திருக்கின்றன. எரியும் பெட்ரோலும் மிகக் குறைவு. வழியில், மூன்றாவது கியரில், முழுப் பளுவுடன், மெதுவாக மலையேறும் அரைமணி நேரத்தைப் பற்றி அந்தக் கை எதையும் சொல்வதில்லை.

டீசல் கார்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி பொருத்தப்பட்ட டீசல் வண்டிகளில், சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்யும் பணியை வண்டியே தானாகத் தொடங்கும். வடிகட்டியின் உள்ளே அப்போது வெப்பம் 600 டிகிரியை ஒட்டி ஏறும். குழாயிலிருந்து வரும் காற்றும் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும். பெரும்பாலும் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதுதான் இது நிகழ்கிறது. சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஊர் செல்வதும் அப்போதுதான். ஓட்டுகிறவருக்கு இது நடப்பதே தெரியாமல் போவதும் உண்டு. ஆகவே டீசல் வண்டியில் சக்கரத்துக்கும் குழாய்க்கும் இடையே போதும் என்று தோன்றுவதைவிட அதிகமாகவே இடம் விடுவது நல்லது.

பின்னுக்குத் தள்ளுவதா, பக்கவாட்டில் நகர்த்துவதா

இங்கேதான் பலருடைய உள்ளுணர்வு ஏமாறுகிறது. சூடான பொருளிலிருந்து விலக வேண்டுமென்றால் பின்னால் நகர்வதே வழி என்று நமக்குப் பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அடுப்பைப் பொறுத்தவரை அது சரி. அடுப்பின் சூடு எல்லாத் திசையிலும் பரவுகிறது. புகைக்குழாயோ ஒரே திசையில் ஊதுகிறது. வட்டமான குழாயிலிருந்து வேகமாக வெளிவரும் காற்றோட்டம், தன்னைச் சுற்றியுள்ள குளிர்ந்த காற்றை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக் கலந்துகொள்கிறது. இந்தக் கலப்பு நடுமையத்தை எட்டுவதற்குக் குழாயின் விட்டத்தைப்போல ஐந்தாறு மடங்கு தொலைவு ஆகிறது. அதுவரை, ஓட்டத்தின் நடுவில், குழாய்க்குள் இருந்த அதே சூடு ஏறத்தாழ அப்படியே நீடிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாயின் விட்டம் 6 சென்டிமீட்டர், வெளிவரும் புகை 230 டிகிரி, சுற்றியுள்ள காற்று 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குழாயின் வாயிலிருந்து 10 சென்டிமீட்டரிலும் 230 டிகிரிதான். 30 சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய அதேதான். அதற்கப்பால்தான் தணிவு தொடங்குகிறது. அங்கிருந்து தொலைவு இரட்டிப்பாகும்போது, வெளிக்காற்றைவிட மிகுதியாக உள்ள வெப்பம் தோராயமாகப் பாதியாகிறது. 60 சென்டிமீட்டரில் ஏறத்தாழ 130 டிகிரி, 1.2 மீட்டரில் ஏறத்தாழ 80. அசையாத காற்றில் போட்ட தோராயக் கணக்கு இது. ஓடும் காரின் பின்னால் காற்று சுழன்று புரள்வதால் கலப்பு இன்னும் விரைவாக நடக்கும். ஆனாலும் அடிப்படை மாறாது. குழாய்க்கு நேர் எதிரே ஒரு சாண் தொலைவிலிருந்த சக்கரத்தை இன்னும் நாலு விரற்கடை பின்னால் தள்ளுவதால் கிடைக்கும் பயன் மிகமிகக் குறைவு.

இப்போது பக்கவாட்டைப் பார்ப்போம். அந்தச் சுடுகாற்று விரியும் வேகம் குறைவு. ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் தொலைவுக்கும் பக்கவாட்டில் சுமார் 2 சென்டிமீட்டர்தான் அகலும். 30 சென்டிமீட்டர் தொலைவில், குழாயின் பாதி விட்டத்தையும் சேர்த்து, நடுக்கோட்டிலிருந்து 9 சென்டிமீட்டருக்குள் அதன் விளிம்பு முடிந்துவிடுகிறது. ஆகவே சக்கரத்தை 20 சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தி அடைய முடியாத பாதுகாப்பை, அதே 20 சென்டிமீட்டர் இடமோ வலமோ நகர்த்தி அடைந்துவிடலாம். இந்தத் தலைப்பில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்: எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், குழாயின் நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேர்க்கோடு என்றதும் குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சில கார்களில் குழாய் தரையை நோக்கி வளைந்திருக்கும். சிலவற்றில் சற்றே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். பம்பரில் பளபளப்பான வாய்போல் தெரியும் அலங்காரம் வெறும் முகப்பாக இருந்து, உண்மையான குழாய் அதற்கு உள்ளே வேறு திசையில் திரும்பியிருப்பதும் உண்டு. ஒரு நீளமான குச்சியைக் குழாயின் போக்கிலேயே பிடித்துப் பார்த்தால் சுடுகாற்று போகும் வழி தெரியும்.

மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. கார் நின்றபடி என்ஜின் ஓடும்போது புகை மெதுவாக வெளிவருகிறது. வேகம் இல்லாததால் வெகுதூரம் பாயாமல், சூட்டின் காரணமாக மேல்நோக்கி எழுகிறது. அந்த நேரத்தில் குழாய்க்குச் சற்று மேலே இருக்கும் பாகம் சூடேறும். நெடிய ஏற்றம் முடிந்த கையோடு என்ஜினை அணைக்காமல் நிறுத்தி வைத்திருப்பதும், நெரிசலில் அசையாமல் காத்திருப்பதும் இவ்வகையில் மோசமானவை. குழாயும் ஒலியடக்கும் பெட்டியும் ஏற்றத்தில் சேர்த்த சூட்டை இன்னும் விடாமல் வைத்திருக்க, அதைக் கலைத்துக் கொண்டுபோக ஓட்டக்காற்று இருக்காது.

எந்தப் பாகம் எப்படிக் கெடுகிறது

சைக்கிள் ஓடும்போது சக்கரம் சுழல்கிறது. தாங்கியில் அது கட்டுண்டு நிற்கிறது. சுழலும் சக்கரத்தில் சூடு சுற்றளவு முழுவதும் பகிரப்பட்டுவிடும். நிற்கும் சக்கரத்தில் ஒரே இடம் மணிக்கணக்காக அடி வாங்குகிறது. பாதிப்புகள் எல்லாம் உள்ளங்கை அளவுக்குள் ஒடுங்கியிருப்பது இதனால்தான்.

டயர் ரப்பர் கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்தியது. மெழுகைப்போல உருகி ஓடாது. ஆனால் சூட்டில் அதன் மேற்பரப்பு முதலில் இளகி ஒட்டும் தன்மை அடையும். பிறகு இறுகி, வெடிப்பு விடும். ரப்பருக்கு அடியில் டயருக்கு உடலாக இருக்கும் நைலான் இழைகளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். நைலான் உருகும் வெப்பநிலை அதன் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி வரை. உருகுவதற்கு வெகுமுன்பே அதன் வலு குறைந்துவிடும். வெளியே லேசான மினுமினுப்பு மட்டும் தெரியும் டயரின் உள்ளே இழைகள் நலிந்திருக்கலாம். அப்படிப்பட்ட டயர் அன்றைக்கு ஒன்றும் ஆகாமல் தப்பித்து, பிறகொரு நாள் இறக்கத்தில் வேகமாகப் போகும்போது பக்கச்சுவர் புடைத்து வெடிக்கக்கூடும்.

உள்ளிருக்கும் காற்று சூடாகி டயர் வெடித்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 27 டிகிரியில் அளவுமானி 6 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) காட்டும் டயரில் உண்மையான அழுத்தம் வளிமண்டலத்தையும் சேர்த்து 7 பார். உள்ளிருக்கும் காற்று முழுவதும் 87 டிகிரிக்கு ஏறினாலும் அது 8.4 பார் ஆகும், அளவுமானியில் 7.4. நல்ல டயர் அதைத் தாங்கும். தவிரவும், ஓரிடத்தில் மட்டும் சூடு படும்போது உள்ளிருக்கும் காற்று முழுவதும் அவ்வளவு சூடாவதும் இல்லை. வழியில் டயர் வெடித்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஏறிய அழுத்தமாக இராது. அதே அழுத்தத்தைத் தாங்க முடியாமல் அந்த ஒரு இடம் நலிந்துபோனதுதான் காரணமாக இருக்கும்.

யாரும் எதிர்பாராத இடம் ஒன்று உண்டு. இரட்டைச் சுவர் ரிம்மின் உட்புறத்தில் கம்பிகளுக்கான துளைகளை மூடியபடி ஒரு பிளாஸ்டிக் நாடா ஓடுகிறது. ரிம் சூடேறினால் அந்த நாடா இளகும். டியூபின் அழுத்தம் அதைத் துளைகளுக்குள் குழியாக அழுத்தும். டியூபும் கூடவே குழிக்குள் பிதுங்கி, விளிம்பில் உரசிக் கிழியும். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு முள் எதுவும் குத்தாமலே காற்று இறங்கி, டியூபின் உட்பக்கத்தில், அதாவது ரிம்மைத் தொடும் பக்கத்தில், ஓட்டை இருந்தால் இந்த நாடாவைச் சந்தேகிக்கலாம். டியூப் இல்லாத டயர்களில் ஊற்றும் அடைப்புத் திரவம் சூடுபட்ட இடத்தில் விரைவில் காய்ந்து தோலாகிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.

உலோகப் பாகங்களுக்குக் கவலை குறைவு. எஃகுக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டில்லை; பெயின்டின் நிறம் மங்கலாம், அவ்வளவுதான். அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும். சைக்கிளுக்குப் பயன்படும் அலுமினியக் கலவைகளில் சிலவற்றுக்கு வலுவேற்றவே தயாரிப்பின்போது 160 முதல் 180 டிகிரியில் பல மணி நேரம் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். ஒரு பயணத்தின் சூட்டில் அவை கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

கார்பன் இழையாலான பாகங்களின் கதை வேறு. கார்பன் இழை இந்தச் சூட்டை எளிதாகத் தாங்கும். ஆனால் அந்த இழைகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது எபாக்ஸி என்ற பிசின். குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையைத் தாண்டியதும் அது கண்ணாடிபோன்ற விறைப்பை இழந்து இளகிக் கொடுக்கத் தொடங்குகிறது. சைக்கிள் பாகங்களில் பயன்படும் பிசின்கள் பலவற்றுக்கு அந்த எல்லை 100 முதல் 150 டிகிரிக்குள் வருகிறது. முன்பு கணக்கிட்ட 130 டிகிரியை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் ஆபத்தின் அளவு புரியும். ரிம்மில் ஏற்கெனவே டயரின் அழுத்தம் இருபுறச் சுவர்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. கம்பிகள் உள்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கின்றன. பிசின் இளகிய இடத்தில் சுவர் மெல்ல வெளியே விரியும். ஆறியதும் அந்தக் கோணலான வடிவிலேயே இறுகிவிடும். டயரை மாற்றிச் சரிசெய்துவிடலாம். இதைச் சரிசெய்ய முடியாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது சைக்கிளின் பாகமே இல்லாத ஒன்று: சக்கரத்தைத் தட்டத்தோடு பிணைக்கும் பிளாஸ்டிக் பட்டை. அது டயரோடு ஒட்டியபடி, பல தாங்கிகளில் டயரைவிடக் குழாய்க்கு அருகில் இருக்கிறது. அது இளகி அறுந்தால் சக்கரம் விடுபட்டு ஆடும். ஆட்டத்தில் மற்றப் பிடிகளும் தளரும். பின்னால் வருகிறவரின் முன்கண்ணாடியை நோக்கிச் சைக்கிள் விழுவது டயர் பழுதோடு ஒப்பிடக்கூடிய சங்கதி இல்லை. பல் பதித்த பட்டையின் பற்கள் மழுங்கியிருந்தாலோ, நிறம் மாறி வளைந்திருந்தாலோ, அந்தப் பட்டையை அன்றே மாற்றிவிட வேண்டும்.

சைக்கிளை இடம் மாற்றுவது

செலவில்லாத வழியிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான கார்களில் குழாய் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால், சைக்கிளைத் திருப்பி வைப்பதாலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சக்கரத்தின் இடம் சைக்கிளுக்குச் சைக்கிள் முன்னும் பின்னுமாக வேறுபடும். சட்டத்தைப் பிடிக்கும் கை எங்கே வருகிறது என்பதைப் பொறுத்து, வலப்பக்கம் பார்த்து நின்ற சைக்கிளை இடப்பக்கம் பார்க்க வைத்தால் சக்கரங்கள் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் விலகிக் கிடைக்கலாம். பல தாங்கிகளில் தட்டங்களையே பக்கவாட்டில் நகர்த்திப் பொருத்த இடம் இருக்கிறது. அதற்கான திருகுகளை வாங்கிய நாளுக்குப் பிறகு யாரும் தொடுவதில்லை.

இரண்டு மூன்று சைக்கிள்களை ஏற்றும்போது, காரை ஒட்டிய முதல் இடத்தில் எஃகு அல்லது அலுமினியச் சைக்கிளையும், வெளிப்புற இடத்தில் கார்பன் சைக்கிளையும் வையுங்கள். கார்பன் ரிம் உள்ள சக்கரம் குழாயின் பக்கம் வந்தே தீரும் என்ற நிலை ஏற்பட்டால், அதைக் கழற்றிக் காருக்குள் வைத்துக்கொள்வதே சரி. வழக்கமான சக்கரங்களில்கூட பயணத்துக்கு முன் காற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது ரிம்முக்கும் டயருக்கும் சுமையைக் குறைக்கும். ஓட்டத் தொடங்குமுன் நிரப்பிக்கொள்ள மறக்கக் கூடாது. மின்சாரச் சைக்கிளின் பேட்டரியைச் சூட்டின் அருகே விட்டுவைக்கக் கூடாது. அதைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் தாங்கிக்கும் பளு குறையும்.

இழுவைக் கொக்கித் தாங்கியைப் பின்னால் நீட்டவோ உயர்த்தவோ உதவும் இணைப்புத் தண்டுகள் கிடைக்கின்றன. பின்னால் நீட்டுவதன் பயன் குறைவு என்பதை மேலே பார்த்தோம். மேலும், நீளம் கூடக்கூடக் கொக்கியின்மேல் விழும் நெம்புவிசையும் கூடுவதால் ஏற்றக்கூடிய எடை குறைந்துவிடும். உயர்த்தும் வகை அதைவிடப் பயனுள்ளது; சக்கரத்தின் அடிப்பகுதியைக் குழாயின் நேர்க்கோட்டிலிருந்து மேலே தூக்கிவிடுகிறது. எந்தத் தண்டானாலும் அதில் குறிப்பிட்டுள்ள எடை வரம்பையே தாங்கியின் வரம்பாகக் கொள்ள வேண்டும்.

தகடு வைப்பது

சக்கரத்தை நகர்த்தவே முடியாதபோதுதான் மறைப்புத் தகடு. சில தாங்கிகளுக்கென்றே செய்யப்பட்ட உலோகத் தகடுகள் விற்பனைக்கு உண்டு. இல்லையென்றால் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனுள்ள அலுமினியத் தகட்டை வளைத்து நாமே செய்துகொள்ளலாம். தகட்டின் வேலை இரண்டு: சுடுகாற்றின் போக்கைத் திருப்பிவிடுவது, குழாயின் உலோகத்திலிருந்து கதிராக வீசும் வெப்பத்தை எதிரொளிப்பது. இரண்டும் நடக்க வேண்டுமானால் தகட்டுக்கும் டயருக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் காற்றிடைவெளி தேவை. அந்த இடைவெளி இல்லாமல் தகடு டயரில் படிந்திருந்தால், தான் வாங்கிய சூட்டைத் தகடு டயருக்கே கொடுத்துவிடும். டயரைச் சுற்றிச் சமையலறை அலுமினியத்தாளைச் சுருட்டிக் கட்டுவது ஏறக்குறைய வீண்வேலை என்று நான் கருதுவதும் இதனால்தான். ஈரத்துணி சுற்றுவது சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். அட்டை வைப்பது தீப்பிடிக்க வழி செய்வதாகும்.

தகட்டைச் சக்கரத் தட்டத்தோடு இணைக்க, குழாய்களை இறுக்கும் எஃகு வளையங்களைப் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளால் கட்டினால், காக்க வேண்டிய பட்டைகளோடு இன்னும் நான்கு பட்டைகளை உருக விடுகிறோம் என்று பொருள். தகடு சுடுகாற்றைக் கீழ்ப்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ திருப்பும்படி சாய்ந்திருக்க வேண்டும். நேராக நிறுத்தினால் காற்று தகட்டில் மோதிப் பம்பரை நோக்கித் திரும்பும், பம்பரும் பிளாஸ்டிக்தான். குழாயின் வாயை ஒட்டித் தகட்டை வைத்து அடைப்பதோ, வாயின் விட்டத்தைக் குறைப்பதோ கூடாது. தகட்டின் விளிம்புகளை மடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சைக்கிளை இறக்கும்போது கை அறுபடும். எண் பலகையையும் பின்விளக்கையும் அது மறைக்கவும் கூடாது.

புகையைத் தரைநோக்கித் திருப்பும் வளைந்த முனையைக் குழாயிலேயே பொருத்துவது இன்னொரு வழி. பின்புறத் தாங்கியை அடிக்கடி பயன்படுத்துகிறவருக்குத் தகட்டைவிட இதுவே எளிது என்பேன். ஒருமுறை பொருத்தினால் ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனித்தனியே யோசிக்க வேண்டியதில்லை. காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தாமல் இருக்க மட்டும் நினைவு வேண்டும்.

மெழுகுச் சோதனை

எல்லாவற்றையும் பொருத்திய பிறகு, சூடு உண்மையில் எவ்வளவு எட்டுகிறது என்று அறிய மெழுகுவர்த்தி ஒன்று போதும். பாரஃபின் மெழுகு ஏறத்தாழ 50 முதல் 65 டிகிரிக்குள் உருகுகிறது. ஒரு சிறிய தகரத் துண்டில் மூன்று சொட்டு மெழுகை விட்டு ஆறவைத்து, குழாய்க்கு மிக அருகில் வரும் டயர்ப்பகுதியில் மெல்லிய கம்பியால் கட்டி, அரைமணி நேரம் ஏற்றமும் சமவெளியுமாக ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சொட்டுகள் வடிவம் மாறாமல், கட்டியாகவே நின்றால் நிம்மதி. வழிந்து பரவியிருந்தால் இடத்தை மாற்றவோ தகடு வைக்கவோ வேண்டும். குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் நிறம் மாறி அப்படியே நிலைத்துவிடும் ஒட்டுத்தாள்களும் கிடைக்கின்றன. அவை மெழுகைவிடத் துல்லியமானவை.

தொடாமல் வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்பு மானியைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளபளப்பான உலோகத்தின்மேல் அந்த மானியைக் காட்டினால், உலோகம் எதிரொளிக்கும் சுற்றுப்புறத்தின் வெப்பத்தையும் சேர்த்துப் படித்து, உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். டயரின் கறுப்பு ரப்பரில் அது சரியாகக் காட்டும். தகட்டையோ ரிம்மையோ அளக்க வேண்டுமானால் மங்கலான கறுப்பு ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும்.

நெடிய பயணத்தில் இளைப்பாற நிறுத்தும்போதெல்லாம் டயரைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடாக இருந்தால் பட்டையைத் தளர்த்தி, சக்கரத்தைக் கால்சுற்றுச் சுழற்றி, மறுபடி இறுக்கினால் ஒரே இடம் தொடர்ந்து சூடு வாங்குவது நிற்கும். பின்கதவைத் திறந்தபடியோ அரைகுறையாகச் சாத்தியபடியோ தாங்கியைக் கட்டி ஓட்டவே கூடாது. காரின் பின்னால் சுழலும் காற்று புகையைக் காருக்குள் இழுக்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

சேர்ந்த பிறகு பார்க்க வேண்டியவை சில. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. அதன் ஈரமும் புகைக்கரியும் குழாயின் பக்கம் இருந்த சங்கிலியிலும் பிரேக் வட்டிலும் படிந்திருக்கும். வட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த சுத்தமான துணியால் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இடவும். டயரில் மினுமினுப்போ, ஒட்டலோ, பக்கச்சுவரில் புடைப்போ தெரிந்தால் அந்த டயரை மாற்றுங்கள். கார்பன் ரிம்மாக இருந்தால் மேற்பூச்சில் மஞ்சளோ கொப்புளமோ தெரிகிறதா என்று பார்த்து, காற்றை முழுக்க இறக்கிவிட்டு, ரிம்மின் வெளி அகலத்தைச் சந்தேகமுள்ள இடத்திலும் அதற்கு நேரெதிர்ப் பக்கத்திலும் காலிப்பர் என்னும் துல்லிய அளவுகோலால் அளந்து ஒப்பிடுங்கள். அரை மில்லிமீட்டர் வேறுபாடு தெரிந்தாலும், அறிந்தவர் ஒருவர் சோதித்துச் சொல்லும்வரை அந்தச் சக்கரத்தில் காற்று நிரப்ப வேண்டாம்.